பின்பக்க அகலம்

ஒரு பிளேடு வாங்க ஒரு மனிதர் எத்தனை தடவை உட்கார வேண்டும்? நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். முகம் மழிக்கிற பிளேடென்றால் உட்காரவே வேண்டாம், கடை வாசலில் நின்றபடியே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். நான் சொல்வது குட்டி டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, மண்ணை வழித்து நிரவுகிற இரும்பு பிளேடு. அதை வாங்க நிதானம் நான்கு தடவை உட்கார்ந்தார். நான்கு தடவையும் எங்கே, எதன்மேல் உட்கார்ந்தார் என்பதுதான் கதை.

நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, பழகியவர்கள் வைத்தது. பூச்செடிகளும் பழமரக் கன்றுகளும் வளர்த்து விற்கிறவர். பின்னாலிருந்து யாராவது ஹாரன் அடித்தால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி நின்று, "நீங்க போங்க, நான் வரேன்" என்று வழிவிடுகிற ரகம். ஐம்பத்தெட்டு வயதுவரை அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கட்டிய மனைவியே கேட்டதில்லை.

அந்த மனைவிக்குத்தான் போன மாதம் இடுப்பு மூட்டை மாற்றி அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பெரிய ரோட்டிலிருந்து வீட்டுக்கு முந்நூறு மீட்டர் மண்பாதை. போன வருஷ மழை அதை அரித்து, குழியும் மேடுமாகப் போட்டு வைத்திருந்தது. வேன்காரர் பாதை முனையில் இறங்கினார், இருபது அடி நடந்தார், தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போனா தூக்கித் தூக்கிப் போடும் சார். புது மூட்டு நழுவிச்சுன்னா டாக்டர் என்னைத்தான் புடிப்பாரு. பாதையச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, வரேன்."

அப்படியே வண்டியைத் திருப்பி, டவுனில் அவளுடைய அக்கா வீட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் போன்.

"என்னங்க, பாதை என்னாச்சு? எங்கக்கா ஒரு நாளைக்குப் பத்து தடவ 'இப்ப எப்படி இருக்கு'ன்னு கேக்கறா. பத்து தடவயும் பதிலையும் அவளே சொல்லிடறா. எனக்கு வேலையே இல்ல."

"பண்ணிடலாம்மா. கொஞ்சம் பொறு."

"மழை பொறுக்காதுங்க. இப்பவே சொல்லிட்டேன், வேன்ல வரும்போது மடியில ஒரு டம்ளர் நிறையத் தண்ணி வச்சிக்கிட்டு வருவேன். ஒரு சொட்டு சிந்திச்சுன்னா வண்டியத் திருப்பச் சொல்லிடுவேன்."

இவள் சொன்னால் செய்வாள். அது நிதானத்துக்குத் தெரியும். அன்றே பண்ணைக் கருவிகள் விற்கிற கடைக்குப் போனார்.

கடைக்காரர் தொழில் தெரிந்தவர். நாலடி, அஞ்சடி, ஆறடி என்று மூன்று பிளேடுகள் அவர் கடைச் சுவரில் சாய்ந்து நின்றன. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க குட்டி டிராக்டர்ல பின்சக்கரம் ரெண்டும் இந்த வெளி விளிம்புலேர்ந்து அந்த வெளி விளிம்பு வரைக்கும் எவ்வளவு?"

"நாலு அடிங்க."

"அப்ப அஞ்சடி பிளேடு. யோசிக்கவே வேணாம். நேரா வச்சா சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் அரையடி கூடுதலா நிக்கும். ஆனா பாதை போடறப்ப நேரா வைக்க மாட்டோம், சாய்ச்சு வைப்போம், அப்பதான் மண்ணு ஓரமா ஒதுங்கும். சாய்க்கச் சாய்க்க வழிக்கிற அகலம் குறையும். அஞ்சடிய சாய்ச்சாலும் சக்கரத்தத் தாண்டி ரெண்டு ரெண்டு அங்குலம் நிக்கும். நாலடி வாங்கினீங்கன்னா, வழிச்ச மண்ணுமேலயே சக்கரம் ஏறி மறுபடி தடம் போடும். ஆறடிய இழுக்க உங்க வண்டிக்குத் தெம்பு கிடையாது, முக்கிக்கிட்டு நிக்கும்."

இவ்வளவுதான். அளவு தேர்ந்தெடுக்கிற வித்தை முழுவதும் இந்த ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. நாட்டில் எல்லாம் சரியாக இருந்திருந்தால் நிதானம் அப்போதே பிளேடை ஏற்றிக்கொண்டு போயிருப்பார், எனக்கும் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

"அளவுச் சான்று கொண்டாந்திருக்கீங்களா?" என்றார் கடைக்காரர்.

"நீங்கதான் அளவு சொல்லிட்டீங்களே?"

"நான் சொன்னது சரியான அளவு. அவங்க சொல்றது உரிய அளவு. அந்தச் சான்று இல்லாம குடுத்தா கடைய இழுத்து மூடிடுவாங்க."

உரிய அளவு நிர்ணய அலுவலகம் பதினோரு வருஷத்துக்கு முன்னால் பிறந்தது. யாரோ ஒரு புண்ணியவான் தன் சின்ன டிராக்டருக்கு ராட்சச பிளேடை மாட்டி, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றதாம். இனி ஒருவரும் தவறான அளவில் பிளேடு வாங்கக் கூடாது என்று மேலிடம் முடிவெடுத்தது. திட்டம் அமோக வெற்றி. அலுவலகம் வந்த பிறகு ஒருவரும் தவறான அளவில் வாங்கவில்லை, ஏனென்றால் ஒருவரும் வாங்கவே இல்லை.

வண்டியும் நேரில் வர வேண்டும் என்று விதி. நிதானம் டிராக்டரை ஓட்டிக்கொண்டு போனார். அலுவலக வளாகத்தைப் பார்த்ததும் ஒரு கணம் தன் வீட்டுப் பாதைக்கே திரும்பி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. அப்படிக் குழி. வாசலருகே ஒரு சிமெண்டு மேடை. அதன்மேல் சிவப்புச் சாயம் அடித்த புத்தம்புது அஞ்சடி பிளேடு, சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பக்கத்தில் பலகை: 'மாதிரி. தொடக் கூடாது.'

ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைத் தெரிந்துகொள்ளத் தனி விண்ணப்பம் வேண்டுமாம், நாம் ஜன்னல்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வெளியே வந்தார், டிராக்டரின் முன்விளக்கில் 'பதினான்கு' என்று ஒரு சீட்டை ஒட்டினார்.

"வண்டி ஆஜர்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்கப்புறம் அந்த வண்டியை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

படிவத்தில் இரண்டு பாகம். முதல் பாகம் விண்ணப்பதாரரைப் பற்றியது, இரண்டாம் பாகம் டிராக்டரைப் பற்றியது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அச்சடிக்கும்போது இரண்டு வரிகள் ஒன்றுக்கொன்று இடம் மாறிப் போய்விட்டன, அவ்வளவுதான். டிராக்டர் பாகத்தில் 'நிறம்' என்றதற்குக் கீழே 'உடலில் உள்ள அங்க அடையாளம்' என்று இருந்தது. நிதானம் யோசித்து, 'இடது சக்கர மூடியில் ஒரு நெளிவு' என்று எழுதினார். விண்ணப்பதாரர் பாகத்தில் பெயர், வயது, முகவரிக்குக் கீழே 'பின்பக்க அகலம்' என்று இருந்தது.

"சார், இந்த எடத்துல என்ன எழுதறது?"

"நீங்க எழுதக் கூடாது. நாங்க அளப்போம்," என்று ஜன்னல்காரர் ஒரு அலமாரியின் பூட்டைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு மர நாற்காலி வந்தது. உட்காரும் பலகையில் அங்குலக் கோடுகள். இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி நெருக்குகிற மாதிரி பித்தளைக் கைப்பிடி போட்ட மரத் தடுப்பு.

"உக்காருங்க."

"பரவால்ல சார், நிக்கறேன்."

"மரியாதைக்குச் சொல்லல. அளக்கணும்."

நிதானம் உட்கார்ந்தார். முதல் தடவை. தடுப்புகள் இரண்டு பக்கமும் வந்து மெல்ல நெருக்கின. ஜன்னல்காரர் குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பதினாறு," என்று சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"சார், பின்பக்கம்னா வண்டியோட…"

"படிவத்துல வண்டின்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. நிதானம் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரத்தில் தபாலில் சான்று வந்தது: விண்ணப்பதாரருக்கு உரிய பிளேடு, ஓர் அடி நாலு அங்குலம்.

கடைக்காரர் அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத வச்சு சுவத்துல பழைய சுண்ணாம்பு வேணா சுரண்டலாம்," என்றார். நிதானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வானம் மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது. மனைவி அன்று காலை போனில் ஒரு குறைகூடச் சொல்லாமல், "எப்ப வருவீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மேல்முறையீடு செய்தார். மூன்று பேர் கொண்ட குழு விசாரிக்கும் என்றார்கள். குழு அறையில் மூன்று நாற்காலிகள். நடுவில் இயக்குநர். மற்ற இரண்டும் காலி, ஆள் நியமிக்கவில்லை. ஆனால் இயக்குநர் முறை தவறாதவர். எது சொன்னாலும் இடப்பக்கக் காலி நாற்காலியையும் வலப்பக்கக் காலி நாற்காலியையும் பார்த்து, "எதிர்ப்பு இல்லையே?" என்று கேட்டு, ஒரு விநாடி காத்திருந்து, பிறகுதான் எழுதுவார்.

முதலில் மறு அளவை. நிதானம் இரண்டாம் தடவை உட்கார்ந்தார். அதே பதினாறு.

"பாத்தீங்களா?" என்று இயக்குநர் மலர்ந்தார். "ரெண்டு தடவ அளந்தும் ஒரே அளவு. எங்க துல்லியம் அப்படி."

"ஐயா, என் அளவு சரிதான். டிராக்டரோட சக்கரம் நாலு அடிங்க. அது வெளியிலதான் நிக்குது. ஒரு டேப் வச்சுப் பாத்தீங்கன்னா…"

"டிராக்டர் தானா ஓடுமா?"

"ஓடாதுங்க."

"ஓட்டறது யாரு? நீங்க. அதுமேல உக்கார்றது யாரு? நீங்க. அப்ப அளக்க வேண்டியது யார?"

ஒரு கணம் நிதானத்துக்கே அது நியாயமாகப் பட்டது. அதுதான் அந்த மாதிரி இடங்களில் இருக்கிற ஆபத்து.

இயக்குநர் எழுந்து நின்றார். கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தாலும் கூட்டத்துக்குப் பேசுகிற மாதிரிதான் அவருக்குப் பேச வரும். "இந்த அலுவலகத்துல பதினோரு வருஷமா ஒரு தப்பு நடந்ததில்ல. தப்புகளப் பதியறதுக்குன்னே தடியா ஒரு பதிவேடு வாங்கி வச்சிருக்கோம். இன்னிக்குத் தேதிவரைக்கும் அதுல ஒரு வரி கிடையாது! ஏன்? எழுதறதுக்கு ஆள் போடல. அந்தப் படிவத்த மாத்தணும்னு சில பேர் சொன்னாங்க. மாத்தலாம். ஆனா மாத்தினா முன்னாடி இருந்தது தப்புன்னு ஆகும். தப்புன்னு ஆனா பதியணும். பதிய ஆள் இல்ல. அதனால தப்பு இல்ல."

காலி நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார். எதிர்ப்பு இல்லை.

"உங்களுக்கு அகலம் பத்தலைன்னா ரெண்டு வழி இருக்கு," என்று கனிவோடு சொன்னார். "ஒண்ணு, நீங்க அகலமாகலாம். அதுக்கு ஆறு மாசம் அவகாசம் தருவோம். இல்லைன்னா கூட்டு விண்ணப்பம். மூணு பேர் வரைக்கும் சேரலாம். அகலத்தக் கூட்டிக்குவோம்."

அறுபது அங்குலம் வேண்டும். கையில் இருப்பது பதினாறு. நிதானம் அன்று சகலையின் வீட்டுக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். மனைவியின் அக்கா புருஷன், நல்ல கனத்த உடம்பு. வாழ்நாள் முழுக்க 'கொஞ்சம் எளைச்சா என்ன' என்று கேட்டுக் கேட்டு நொந்த மனிதர். தன் உடம்பு ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படும் என்று கேள்விப்பட்டதும் அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"சகலை, நான் இருக்கேன்! நாளைக்கே போவோம்," என்றார்.

"நானும் வரேன்," என்று உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "மூணாவது ஆளுக்கு ஊரெல்லாம் தேடுவீங்களா? டவுன் ரோடு நல்லாத்தான் இருக்கு. வேன்காரரக் கூப்பிடுங்க."

மறுநாள் மூவரும் போனார்கள். நிதானம் வழக்கம்போல டிராக்டரில். வண்டியும் ஆஜராக வேண்டுமே. மற்ற இருவரும் வேனில் வந்து, வளாகக் குழிகளுக்கு வெளியே ரோட்டிலேயே இறங்கி, ஓரமாக மெல்ல நடந்து வந்தார்கள்.

இயக்குநர் மறுபடி நின்றுகொண்டு கூட்டு விண்ணப்பத்தின் மகத்துவத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். சகலை, நிதானத்தின் காதில், "பிளேடு கேட்டு வந்தா பிளேடு போடறாரே மனுஷன்," என்றார். பிறகு அளவை. நிதானம் மூன்றாம் தடவை உட்கார்ந்தார், பதினாறு. சகலை உட்கார்ந்தபோது தடுப்புகள் இரண்டும் கிறீச்சென்று விலகின. "இருபத்திரெண்டு!" என்றார் ஜன்னல்காரர். சகலை எழுந்து சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார், பரிசு வாங்கின மாதிரி.

இன்னும் இருபத்திரண்டு வேண்டும். நிதானத்தின் மனைவி நடைச்சட்டத்தை ஊன்றி ஊன்றி வந்தாள். ஒல்லியான உடம்பு. டாக்டர் சொன்னபடி, எங்கே உட்கார்ந்தாலும் போட்டுக்கொள்கிற தடித்த மெத்தைத் திண்டு ஒன்றைச் சகலை பின்னாலேயே தூக்கி வந்தார். அதை நாற்காலியில் பரப்பி, மெதுவாக உட்கார்ந்தாள். திண்டு இரண்டு பக்கமும் பிதுங்கியது.

"திண்ட எடுங்கம்மா."

"எடுத்தா உக்கார முடியாது. டாக்டர் சீட்டு இருக்கு, காட்டட்டுமா?"

ஜன்னல்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மருத்துவர் பரிந்துரைத்த எந்த உபகரணமும் உடலின் பகுதியாகவே கருதப்படும் என்று போட்டிருந்தது. திண்டோடு அளந்தார்.

"இருபத்திரெண்டு! மொத்தம் அறுபது!"

நிதானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அஞ்சடி! இயக்குநர் சான்றை எழுதி, காலி நாற்காலிகளைக் கேட்டு, முத்திரை குத்தி நீட்டினார். நிதானம் படித்தார். மறுபடி படித்தார்.

"ஐயா, இதுல மூணு பிளேடுன்னு போட்டிருக்கே?"

"ஆமா. உங்களுக்கு ஒரு அடி நாலு அங்குலம். அவங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு அடி பத்து அங்குலம். மொத்தம் அஞ்சடி."

"மூணு துண்டாவா?"

"மூணு பேர் ஒரே பின்பக்கமா என்ன?" என்றார் இயக்குநர், பொறுமையாக. சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அப்போது மழை பிடித்தது. கூரையில் தடதடவென்று விழுந்தது. ஜன்னல்காரர் அலமாரிச் சாவியோடு வந்து நின்றார்.

"எந்திரிங்கம்மா. நாற்காலிய உள்ள வச்சுப் பூட்டணும். பூட்டினாத்தான் நாங்க வீட்டுக்குப் போக முடியும்."

"நானும் வீட்டுக்குத்தான் போகணும். அதுக்குத்தானே வந்தேன்? தேவையில்லாம உக்காந்து எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உக்காந்தாச்சு. தேவைன்னு தோணுறப்ப எந்திரிக்கறேன்."

ஜன்னல்காரர் கெஞ்ச, அவள் திண்டைச் சரிசெய்துகொள்ள, வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. இயக்குநர். முழங்கால்வரை சேறு. அவருடைய கார் வளாகத்திலேயே நாலு கார் நீளம்கூடப் போகவில்லை, குழியில் உட்கார்ந்துவிட்டது.

"வெளிய நிக்கற டிராக்டர் யாருது?"

"டோக்கன் பதினாலு சார்," என்றார் ஜன்னல்காரர்.

"யாரா இருந்தாலும் சரி. வந்து என் கார இழுங்க."

அப்போதுதான் அது நடந்தது. ஐம்பத்தெட்டு வருஷம் உள்ளேயே இருந்த குரல் வெளியே வந்தது.

"எங்க இழுக்கறது? இந்தக் குழிலேர்ந்து அந்தக் குழிக்கா? மொத்த வாசலும் குழி! வாசல்லயே அஞ்சடி பிளேட சங்கிலி போட்டுக் கட்டி வச்சிக்கிட்டு, பதினோரு வருஷமா குழில ஏறி எறங்கறீங்களே, வெக்கமா இல்ல? அளக்கணும்னா சக்கரத்த அளங்கய்யா! என் பொண்டாட்டி ஒரு மாசமா வீட்டுக்கு வர முடியாம அக்கா வீட்டுல கிடக்கறா!"

ஜன்னல்காரர் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. மனைவி அவரைப் பார்த்த பார்வையை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "அந்த மாதிரி பிளேடுக்கு இன்னும் உரிய அளவு நிர்ணயம் ஆகல. அதான் யாரும் தொடல."

"அப்ப சோதிச்சுப் பாருங்க சார்," என்றாள் நாற்காலியிலிருந்தவள், சாவதானமாக. "சோதனைக்குன்னு எழுதிக் குடுங்க. எங்க வீட்டுக்காரர் மாட்டி ஓட்டிக் காட்டுவாரு. உங்க காரும் வெளிய வரும், நானும் எந்திரிப்பேன்."

இயக்குநர் கூரையைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். பிறகு குழு அறைக்கு ஓடி, இரண்டு காலி நாற்காலிகளையும் பார்த்து, "எதிர்ப்பு இல்லையே?" என்று கேட்டார். இந்தத் தடவை ஒரு விநாடிகூடக் காத்திருக்கவில்லை. 'சோதனை முடிவு குழுவால் ஏற்கப்படும்வரை மாதிரி பிளேடு விண்ணப்பதாரர் வசம் இருக்கும்' என்று எழுதி, முத்திரை குத்தினார்.

சங்கிலி கழன்றது. சகலை ஒரு முனையும் ஜன்னல்காரர் மறுமுனையுமாகத் தூக்கிக் கொடுக்க, டிராக்டரின் பின்னால் இருந்த மூன்று கொக்கிகளிலும் பிளேடு கச்சிதமாக உட்கார்ந்தது. நிதானம் இறங்கி வந்து பார்த்தார். நேராக வைத்தால் இரண்டு பக்கமும் அரையடி. சாய்த்தால் இரண்டிரண்டு அங்குலம். கடைக்காரர் சொன்னதில் இம்மி பிசகவில்லை. பிறகு ஏறி, டிராக்டரின் இருக்கையில் உட்கார்ந்தார். நான்காம் தடவை, பிளேடு இல்லாத வண்டியில் உட்கார்ந்ததெல்லாம் கணக்கில் சேராது. மழையில் நனைந்துகொண்டே வளாகத்தை மூன்று சுற்று வழித்தார். மேடு குழிக்குள் போனது, தண்ணீர் ஓரமாக ஒதுங்கியது, இயக்குநரின் கார் ஊர்ந்து ஊர்ந்து வெளியே போனது. உள்ளே நாற்காலியைப் பூட்டினார்கள்.

"சோதனை எப்ப சார் முடியும்? பிளேட எப்பத் திருப்பித் தரணும்?" என்று நிதானம் கேட்டார். கேட்காமல் போக அவருக்கு மனசு வராது.

"குழு கூடணும்," என்றார் ஜன்னல்காரர். "மூணு பேரும் கையெழுத்துப் போடணும். ரெண்டு எடம் காலி. அதுக்கு ஆள் போடறதுக்கு ஒரு குழு இருக்கு. அதுல மூணு எடமும் காலி." சொல்லிவிட்டு, இந்தப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். "நல்லா ஓட்டுங்க."

மழை இரண்டு நாள் விட்டு வைத்தது. அந்த இரண்டு நாளும் நிதானம் முந்நூறு மீட்டரையும் போய்ப் போய் வந்து வழித்தார். மூன்றாம் நாள் காலை வேன் பாதை முனைக்கு வந்தது. வேன்காரர் இந்தத் தடவை இறங்கவில்லை. அப்படியே உள்ளே திருப்பினார்.

நிதானம் வாசலில் நின்று, சக்கரம் உருள உருள மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேன் நின்றது, கதவு திறந்தது. மனைவி மடியில் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்திருந்தாள். விளிம்புவரைக்கும் தண்ணீர். புடவையில் ஒரு ஈரம் இல்லை. அவரைப் பார்த்துக்கொண்டே அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"வழி நெடுக தாகம்," என்றாள். "உங்களால அடக்கிக்கிட்டு வந்தேன்."

அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய், திண்டு போட்டு, செடித் தொட்டிகளுக்கு நடுவே இருந்த பெஞ்சில் உட்கார வைத்தார். தானும் எதிரே போய் நின்றுகொண்டார்.

"என்ன நிக்கறீங்க? வந்து பக்கத்துல உக்காருங்க."

நிதானம் குனிந்து பெஞ்சுப் பலகையைத் தடவிப் பார்த்தார். அங்குலக் கோடு எதுவும் இல்லை. உட்கார்ந்தார். ஐந்தாவது தடவை. அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள், எவ்வளவு இடம் என்று யாரும் அளக்கவில்லை.